மஜன்னாவை ஒற்றைப் பெயரில் அடைக்காதீர்கள்

அயல்நாட்டுத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கிரேக்கத் தெய்வங்கள் தமிழ் வாசகருக்கு எப்போதோ பழகிவிட்டன. வட ஐரோப்பியத் தெய்வங்களைத் திரைப்படங்கள் கொண்டுவந்து சேர்த்தன. இப்போது ஸ்லாவியத் தெய்வங்களின் முறை. கணினி விளையாட்டு, இணையத் தொடர், மிகுபுனைவு நாவல் என்று பல வழிகளில் அவை வந்துகொண்டிருக்கின்றன. நீங்களும் அவற்றைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுகிறீர்கள். அந்த ஆர்வம் குறையக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

ஸ்லாவியத் தொன்மம் பற்றிய கட்டுரைகளில் ஏறக்குறைய தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு. மாரா, மொரனா, மொரெனா, மரேனா, மர்சன்னா என்றெல்லாம் அழைக்கப்படும் குளிர்கால தேவதை, மரணத்தின் அரசி என்று அது போகும். ஒரு தெய்வம், ஐந்து பெயர், ஒரு வேலை. பிறகு எழுதுபவர் அந்த ஐந்தில் காதுக்கு இனிமையான ஒன்றை எடுத்துக்கொள்வார். மற்ற நான்கும் வெறும் மாற்றுப்பெயர்களாகிவிடும். என் வழக்கு முழுவதும் இந்த வரியோடுதான். அந்தப் பெயர்கள் ஒரே தெய்வத்தின் எழுத்துப்பிழைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஊர் உண்டு, பருவம் உண்டு, எப்போது யார் எழுதிவைத்தார்கள் என்ற கணக்கும் உண்டு. அவற்றைக் கழற்றிவிட்டால் கையில் மிஞ்சுவது எந்த ஊரிலும் யாரும் அறியாத ஒரு தேவதைதான்.

முதலில் சடங்கைப் பார்ப்போம். பெயர்களைவிட அதற்குத்தான் சான்று அதிகம்.

போலந்தின் சிலேசியாவிலும் செக், ஸ்லோவாக் நாடுகளிலும் பனிக்காலம் முடியும் தறுவாயில் வைக்கோலால் ஒரு பெண்ணுருவம் செய்வார்கள். கோலில் கட்டி, பழைய ஆடையோ வெள்ளைத் துணியோ சுற்றி, கழுத்தில் மணிமாலை போட்டு, ஊர் முழுக்கப் பாட்டோடு சுமந்து செல்வார்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் தீ வைப்பார்கள். எரிந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் எறிவார்கள். திரும்பி வரும்போது பின்னால் பார்க்கக் கூடாது, வழியில் இடறி விழக் கூடாது. விழுந்தவருக்கு அந்த ஆண்டு நல்லதில்லை என்பது நம்பிக்கை. போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதும் இல்லை. நாடாவும் ஓவியம் தீட்டிய முட்டையோடுகளும் கட்டிய பசுங்கிளை ஒன்றை ஏந்தி, வெயில் பருவத்தை ஊருக்குள் அழைத்து வருவார்கள். போலந்தில் அந்தக் கிளைக்குக் காயிக் என்று பெயர்.

இதற்குரிய நாள் தவக்காலத்தில் வருகிறது. போலந்தில் நான்காம் ஞாயிறு; திருச்சபை அதை லெத்தாரே ஞாயிறு என்கிறது. செக், ஸ்லோவாக் மக்களிடம் பெரும்பாலும் ஐந்தாம் ஞாயிறு. ஊர்வழக்கில் அதன் பெயரே மரண ஞாயிறு. இன்றைய போலந்தில் இது பள்ளிக் குழந்தைகளின் கொண்டாட்டமாகி, மார்ச் 21 என்று வசந்தத்தின் முதல் நாளுக்கு நகர்ந்துவிட்டது. அதே நாள் மாணவர்கள் வகுப்புக்கு மட்டம் போடும் நாளாகவும் பெயர் வாங்கியிருக்கிறது.

சடங்கைச் சொல்லும் விதத்திலேயே மொழிக்கு மொழி வேறுபாடு தொடங்குகிறது. போலந்துக்காரர்கள் மஜன்னாவை மூழ்கடித்தல் என்கிறார்கள். ஸ்லோவாக்குகள் மொரெனாவை வெளியே தூக்கிச் செல்லுதல் என்கிறார்கள். ஒருவருக்கு முக்கியம் ஆறு, இன்னொருவருக்கு ஊர் எல்லை.

நான் ஏன் மஜன்னா என்று எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் மர்சன்னா என்றுதான் வரும். ஆனால் போலிஷ் எழுத்துமுறையில் அந்தப் பெயரின் நடுவே ரகரத்தைக் குறிக்கும் எழுத்தும் அடுத்து வரும் எழுத்தும் சேர்ந்து ஒரே ஒலி. நாக்கு அண்ணத்தை நோக்கி எழும்ப, காற்று உரசிக்கொண்டு வெளியேறும் ஒலி அது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை; ஜகரம்தான் ஓரளவு அருகே நிற்கிறது. செக் மொழியில் அதே இடத்தில் ரகரமும் ஜகரமும் ஒரே மூச்சில் ஒலிக்கும். அங்கே அவள் மர்ஜெனா. ஸ்லோவாக்கில் ரகரம் மட்டும்தான், ஆகவே மொரெனா. உக்ரைனில் மரேனா.

இது தாறுமாறான மாற்றம் இல்லை. அவளை எறியும் ஆற்றின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோவாக்கில் ஆறு ரியெகா, குரோஷிய மொழியில் ரியேகா, போலிஷில் ஜெகா. செக் மொழியில் ரகர ஜகரங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த ர்ஜெகா. பழைய ஸ்லாவிய மொழியில் சில உயிர்களுக்கு முன்னால் மென்மையாக ஒலித்த ரகரம் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாகத் திரும்பியது. ஆக மஜன்னா, மர்ஜெனா, மரேனா என்பவை சரியும் தவறுமான வடிவங்கள் அல்ல. தனித்தனி மொழி வரலாறுகளின் முடிவுகள். ஒரே சொல்தான் என்று காட்டுவதும் இந்த விதிதான், ஒன்றை எடுத்து மற்றதன் தலையில் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதே விதிதான்.

ஒலி விதி சொல்லின் உறவைத்தான் நிறுவும். தெய்வத்தின் உறவை நிறுவாது. அதற்கு ஏடுகளைப் புரட்ட வேண்டும்.

இந்தச் சடங்கைக் குறிப்பிடும் மிகப் பழைய ஆவணங்கள் அதைத் தடுக்க எழுந்தவை. 1366இல் பிராகா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், மரணத்தின் உருவம் ஒன்றைப் பாட்டோடு சுமந்து ஆற்றுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தைக் கண்டித்தது. 1420இல் போலந்தின் போஸ்னான் மறைமாவட்டமும் அதையே தடை செய்தது. மரணம் என்று மக்கள் அழைக்கும் உருவத்தைத் தூக்கிப் போய்க் குட்டையில் எறிகிறார்கள் என்பதே புகார். இரண்டிலும் மஜன்னா இல்லை, மொரனா இல்லை. பொம்மைக்கு அங்கே ஒரே பெயர் மரணம்தான். செக் கிராமங்களில் வழங்கும் ஸ்மிர்ட்கா என்ற பெயருக்கும் அதுவே பொருள். ஆகவே மிகப் பழைய பெயரைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று அடம் பிடிப்பவருக்குக் கிடைப்பது ஒரு சாதாரணப் பொதுச்சொல். அதோடு இந்த வழக்கம் ஸ்லாவியர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. துரிங்கியா, பிராங்கோனியா போன்ற ஜெர்மன் பகுதிகளிலும் மரணத்தை வெளியே தூக்கிச் செல்லும் விழா நடந்தது. யாக்கோப் கிரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்ம நூலில் அதை விரிவாகப் பேசியிருக்கிறார்.

மஜன்னாவைத் தெய்வமாக முதலில் எழுதியவர் யான் துவூகோஷ். 15ஆம் நூற்றாண்டின் போலந்து வரலாற்றாசிரியர், கிராக்கோவின் குரு. பழைய போலந்து மக்களின் தெய்வங்களை ரோமானியத் தெய்வங்களோடு ஜோடி சேர்த்து அவர் பட்டியலிட்டார். அதில் மஜன்னாவுக்கு யார் ஜோடி தெரியுமா? கேரெஸ். தானியத்துக்கும் விளைச்சலுக்கும் உரிய ரோமானியத் தாய்த் தெய்வம். பாதாள தெய்வத்துக்கு அவர் வேறொரு பெயரை வைத்திருந்தார். இன்று எல்லோரும் மரணத்தின் அரசி என்று எழுதுகிறவளை, தெய்வமாக முதலில் பதிந்தவர் விளைச்சலின் தாய் என்றே பதிந்தார்.

அதே நூலில் இன்னொரு இடத்தில், லெத்தாரே ஞாயிறன்று சில ஊர்களில் மஜன்னா, ஜெவன்னா என்ற இரண்டு உருவங்களை நீண்ட கம்பில் ஏந்திச் சென்று சதுப்பில் அமிழ்த்துகிறார்கள் என்கிறார். போலந்தை ஆண்ட முதலாம் மியெஷ்கோ 966இல் கிறித்தவத்தைத் தழுவிய காலத்தில் சிலைகளை உடைத்து நீரில் வீசியதன் நினைவு அது என்பது அவர் தரும் விளக்கம். அந்த நிகழ்வுக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய குருவின் ஊகம் அது. பொம்மையை அவர் காலத்தவர் கண்ணால் பார்த்தார்கள். தெய்வத்தை யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மஜன்னா என்பது போலிஷில் ஒரு செடியின் பெயர். வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் செடி. நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு அது மிக நெருங்கிய இனம். ஜெவன்னா என்பதும் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு செடியின் பெயர்தான். துவூகோஷ் குறிப்பிடும் இந்த இரண்டு பெண் தெய்வங்களும் மக்கள் நாவில் செடிப் பெயர்களாகவும் உலவுவதால், அவர் சொல்வதை அப்படியே ஏற்க ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள்.

இதனோடு மொகோஷ் என்ற தெய்வத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கீவ் அரசர் விளாதிமிர் 980இல் குன்றின்மேல் நிறுத்திய சிலைகளின் பட்டியலை ரஸ் நாட்டு நாளாகமம் தருகிறது. இடித் தெய்வம் பெரூனில் தொடங்கும் அந்த வரிசையில் பெண் தெய்வம் ஒன்றே ஒன்று, மொகோஷ். அவளுக்குச் சிலை இருந்தது, அந்தச் சிலைக்கு ஏட்டில் சான்றும் இருக்கிறது. ஊர் கூடிச் செய்யும் இப்படியொரு விழாதான் தெரியவில்லை. மஜன்னாவுக்கு விழா இருக்கிறது, கோயிலோ சிலையோ வழிபாடோ இருந்ததற்குச் சான்று இல்லை. இருவரையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் போட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி தேவதை என்று எழுதுவது நியாயமா?

மொரனா கதை இன்னும் சுவையானது. உங்களில் பலர் அந்தப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். சொல்ல எளிது, எழுத எளிது. அது புகழ் பெற்றது எப்படி என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பண்பாட்டின் நிழலில் நின்ற செக் அறிஞர்கள், தங்கள் மொழிக்கும் பழம்பெருமை உண்டு என்று காட்டத் துடித்தார்கள். அவர்களில் ஒருவரான வாத்ஸ்லாவ் ஹன்கா 1817இல் ஒரு பழங்காலக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அதன் வீரப் பாடல்களில் மொரனா மரணமாகவே வருகிறாள். மாதெர் வெர்போரும் எனப்படும் 13ஆம் நூற்றாண்டு லத்தீன் அகராதிப் பிரதி ஒன்றும் பிராகாவில் இருந்தது. அதன் வரிகளுக்கிடையே கிரேக்கத் தெய்வம் ஹெகாட்டேவுக்கும் பாதாள ராணி புரோசெர்பினாவுக்கும் நேராக மொரனா என்று செக் விளக்கம் எழுதப்பட்டிருந்தது.

அகராதி உண்மையானது, அந்த விளக்கங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் புகுத்தப்பட்டவை. 1877இல் அடோல்ப் பாதெரா இதை வெளிப்படுத்தினார். கண்டெடுக்கப்பட்ட பாடல் பிரதியும் போலி என்று 1886 முதல் மொழியியலாளர் யான் கெபவர் வாதாடினார். தோமாஷ் மசாரிக் தன் இதழில் அந்த விவாதத்துக்கு இடம் கொடுத்தார். தேசத்துரோகி என்ற வசையும் வாங்கினார். அதே மசாரிக்தான் 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரானார். பழம்பெருமை பொய்யில் நிற்கக் கூடாது என்று சொன்னவரை அந்த நாடு பின்னர் தலையில் வைத்துக் கொண்டாடியது.

கிராமத்து மர்ஜெனாவை ஹன்கா உருவாக்கவில்லை. வைக்கோல் பொம்மை அவருக்கு முன்பே எரிந்தது. ஆனால் பாதாளத்தை ஆளும் கம்பீரமான மொரனாவுக்கு எழுத்துச் சான்று என்று நீட்டப்பட்டவை அந்தப் போலிகள்தாம். போலி அம்பலமான பிறகும் பெயர் இலக்கியத்திலும் ஓவியத்திலும் தங்கிவிட்டது. குரோஷியாவில் பெண் குழந்தைகளுக்கு இன்று மொரனா என்று பெயர் வைக்கிறார்கள். அதில் குற்றம் இல்லை. பெயரை விரும்புவது வேறு, அதை ஆயிரம் ஆண்டுப் பழமை என்று எழுதுவது வேறு.

அடுத்து உக்ரைனுக்கு வாருங்கள். அங்கே மரேனா பனிக்காலத்தவளே அல்ல. ஆண்டின் நீண்ட பகல் வரும் கோடை நடுவில், இவான் குபாலா இரவில் அவள் தோன்றுகிறாள். சில ஊர்களில் பூமாலையும் நாடாவும் கட்டிய மரக்கிளை மரேனா. சில ஊர்களில் வைக்கோல் பொம்மை மரேனா. பெண்கள் அதைச் சுற்றிப் பாடுவார்கள், இளைஞர்கள் பிடுங்கப் பார்ப்பார்கள், கடைசியில் தண்ணீரில் விடுவார்கள். பெயர் ஒன்றுபோல ஒலிக்கிறது, நீரில் விடுவதும் ஒன்றுபோல் இருக்கிறது; பருவமோ நேர் எதிர். குளிர்கால தேவதை மரேனா என்று நீங்கள் எழுதினால் உக்ரைன் வாசகர் சிரிப்பார்.

ஸ்லோவாக்கியா ஒன்றிலேயே மொரெனாவோடு மர்முரியெனா, கிசெலிட்சா என்று வேறு பெயர்களும் ஊருக்கு ஊர் வழங்குகின்றன. கிசெலிட்சா என்ற சொல்லில் கேட்பது புளிப்பு; தவக்காலத்தில் தினமும் குடித்து அலுத்துப்போன புளித்த கூழின் நினைவு அதில் இருக்கிறது. சில ஊர்களில் பெண் பொம்மையோடு தெத்கோ என்ற கிழவன் பொம்மையும் போகும். செக் காதில் மர்ஜெனா என்பது மரியா என்ற பெயரின் நாட்டுப்புற வடிவமும்கூட. 1866இல் மேடையேறிய ஸ்மெதானாவின் புகழ்பெற்ற இசை நாடகத்தில் நாயகி பெயர் மர்ஜென்கா. கிராமத்து மரியா, அவ்வளவுதான். ஒரு புளித்த கூழும் ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணும் இந்தப் பெயர்களுக்குள் இருக்கும்போது, மரணத்தின் அரசி என்ற பட்டம் எவ்வளவு தொலைவில் நிற்கிறது பாருங்கள்.

வேர்ச்சொல்லைப் பற்றியும் கொஞ்சம். மர், மொர் என்ற அடி சாவைக் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு தொடர்புடையது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. ஸ்லாவிய மொழிகளில் மொர் என்றால் கொள்ளைநோய். சமஸ்கிருதம் வழியே நம்மிடம் வந்த மரணம் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்தே கிளைத்தது. இது உண்மையான உறவு. ஆனால் இதை வைத்துக்கொண்டு மாராவையும் நம் மாரியம்மனையும் சகோதரிகளாக்கும் பதிவுகள் சுற்றுகின்றன. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை அது. மாரி நம் மொழியில் மழை. இரண்டு எழுத்து ஒத்திருந்தால் உறவு ஆகிவிடாது. ஆற்றின் பெயரில் பார்த்தோமே, அப்படி மற்ற சொற்களிலும் மாற்றம் சீராக வரவேண்டும். அதேபோல உறங்குபவரின் மார்பில் ஏறி அமுக்கும் மோரா என்ற ஆவியையும், ரஷ்யக் கதைகளின் கிகிமோராவையும் மஜன்னாவின் மறுபிறவிகள் என்று எழுதாதீர்கள். அதே கதைகளில் கோஷே என்ற தீயவனைச் சங்கிலியில் கட்டிவைத்த வீராங்கனை மரியா மொரேவ்னாவும் அவள் இல்லை. மொரேவ்னா என்ற தந்தைவழிப் பெயரில் நேராகக் கேட்பது கடல் என்ற சொல்.

மரியா மொரேவ்னாவைச் சொன்னதும் நம் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ் வாசகருக்கு ஸ்லாவிய உலகம் திறந்தது மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் வெளியிட்ட மலிவு விலைத் தமிழ் நூல்களால். பாபா யாகா என்ற சூனியக் கிழவியை நமக்கு அறிமுகம் செய்தவை அவைதாம். அந்தக் கடன் பெரிது. ஆனால் அதன் விளைவாக ஸ்லாவியம் என்றால் ரஷ்யம் என்ற எண்ணமும் படிந்துவிட்டது. மஜன்னா விஷயத்தில் அந்த எண்ணம் உதவாது. இந்தச் சடங்கின் சொந்த வீடு மேற்கு ஸ்லாவிய நாடு. ரஷ்ய ஊர்களில் பனிக்கால முடிவில் எரிக்கும் பொம்மையின் பெயர் பொதுவாக மஸ்லெனிட்சா.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர் கவலை, கதை படிப்பவருக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாவல் எழுதுபவருக்கு முழு உரிமை உண்டு. மொரனாவைப் பனி மாளிகையில் உட்காரவைத்து, பெரூனின் மகளாக்கி, வசந்தத் தெய்வம் யாரிலோவுக்கு மணமுடித்து வையுங்கள்; கற்பனைக்கு யாரும் வரி கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தக் குடும்பக் கதைகூட நாட்டுப்புறப் பாடல்களைக் கோத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் முன்வைத்த மீட்டுருவாக்கம். ரஷ்யாவில் இவனோவும் தொபரோவும் போட்ட அடித்தளத்தின் மேல், குரோஷியாவில் கதிச்சிச்சும் பெலாயும் அதை எழுப்பினார்கள். அவர்கள் அதைக் கருதுகோளாக வைத்தார்கள். இணையம் அதைப் புராணமாக ஆக்கிவிட்டது. கட்டுரை எழுதுபவரும் அகராதி தொகுப்பவரும் இந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் வேறு யார் காட்டுவார்?

இன்னொரு கேள்வியும் வரும்: இத்தனை பெயர்களைப் போட்டால் வாசகர் குழம்பமாட்டாரா? குழம்பமாட்டார். ஒரே தெய்வம் ஊருக்கு ஒரு பெயரோடும் ஒவ்வொரு பெயருக்கும் தனிக் கதையோடும் இருப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. அவருக்குப் புரியாது என்று நாம் முடிவு செய்வதுதான் பிழை.

ஆகவே நான் கேட்பவை இவை.

ஒன்று, பெயரை மொழியோடு சேர்த்து எழுதுங்கள். போலந்தின் மஜன்னா, ஸ்லோவாக்கியாவின் மொரெனா, உக்ரைனின் மரேனா என்று எழுதுவதால் உங்கள் வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்தான் கூடும்.

இரண்டு, ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படியெடுக்காமல் அந்தந்த மொழியின் உச்சரிப்பைக் கேட்டு எழுதுங்கள். என் மஜன்னாவைவிடப் பொருத்தமான தமிழ் வடிவம் உங்களுக்குத் தோன்றினால் அதையே நாம் எல்லோரும் ஏற்போம். எல்லோரும் ஒரே வடிவத்தை எழுதுவது முக்கியம்.

மூன்று, அவள் என்ன செய்கிறாள் என்பதற்கு முன்னால் மக்கள் அவளை என்ன செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். எரிக்கிறார்கள், எறிகிறார்கள், பாடுகிறார்கள். அது கண்ணால் கண்ட செய்தி. அவள் யாருக்கு மகள், எதற்கு அரசி என்பவை பின்னால் வந்தவை.

நான்கு, எந்தத் தகவல் எந்த நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். 1366இன் தடையும், துவூகோஷின் ஊகமும், ஹன்காவின் போலியும், நம் கால மீட்டுருவாக்கமும் ஒரே பத்தியில் சமமாக உட்கார வேண்டாம்.

உங்கள் அடுத்த கட்டுரையில் இந்த நான்கில் ஒன்றையாவது கண்டால் என் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். ஐந்து பெயரில் எது சரி என்று என்னைக் கேட்டால், எந்த ஆற்றங்கரையில் நின்று கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். நீங்களும் உங்கள் வாசகர்களை அப்படிக் கேட்கவைத்தால் போதும்.

அன்புடன்,
தொன்மக் கதைகளை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்